லூர்துவின் நீர்நாய்

கணினி நம் குரலைத் திருடுகிறது என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். எங்கள் டப்பிங் சங்கத்தின் ஆண்டு மலரை இப்போது பார்த்துக்கொள்கிற திவ்யா சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"சார், நீங்கதான் சீனியர். கார்ட்டூன்ல ஒரே கேரக்டரைப் பதினோரு வருஷம் பேசியிருக்கீங்க. பாதிக்கப்பட்டவங்க சார்பா நீங்க எழுதினாதான் எடுபடும்."

"நான் எங்கேம்மா பாதிக்கப்பட்டேன்? காரைக்கால் கோவில்பத்துல வீட்டுக்குள்ள நிம்மதியா உக்காந்து சுகர் மாத்திரை முழுங்கிட்டிருக்கேன்."

"உங்க நீர்நாய்க்குப் புது சீசன் வருது சார். கம்ப்யூட்டரே பேசுதாம். உங்க பழைய ரெக்கார்டிங்கை வச்சுத்தான் பழக்கியிருக்காங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நிமிடம் நன்றாகவே வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. என் குரலைத் திருடியதாக நினைத்து அந்த யந்திரம் யாருடைய குரலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் திவ்யா, நீ கேட்ட கட்டுரை இது இல்லை. பிடித்தால் போடு. பிடிக்காவிட்டால் வேறு சீனியரைப் பார். என்னைவிட யோக்கியமான கிழவர்கள் சங்கத்தில் நிறைய இருக்கிறார்கள்.

நான் குரலுக்கு வந்த கதை நீளமில்லை. காரைக்காலில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, பூவம் எல்லை வரைக்கும் சினிமா விளம்பரம் கத்திக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் "உனக்கு நல்ல குரல்டா" என்று சொல்லிவிட்டார். நம்பிச் சென்னைக்குப் போனேன். ஏழு வருடம் கூட்டத்தில் கத்தினேன். சந்தைக் காட்சியில் "தக்காளி, தக்காளி" என்றால் அது நான். தீப்பிடித்த வீட்டில் "ஓடுங்க, ஓடுங்க" என்றால் அதுவும் நான். ஒரு தடவை தக்காளிக் குரலில் "ஓடுங்க" என்று சொல்லிவிட்டு அரைநாள் வெளியே நிற்கவைக்கப்பட்டேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அப்போது எனக்கு அறைத் தோழன் லூர்து. அவனும் காரைக்கால்காரன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அண்ணன் குடும்பத்தோடு பாரிஸ் பக்கம் போய்விட்டார். லூர்துவிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. ஊரில் அக்காவின் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த நாட்டுக்குப் போகத் தவம் கிடந்தார்கள். இவன் போகாமல் கோடம்பாக்கத்து அறையில் என்னோடு சேர்ந்து "தக்காளி" என்று கத்திக்கொண்டிருந்தான். கேட்டால், "அங்கே போனா யாருடா என்னைத் தமிழ்ல பேசச் சொல்லப்போறான்?" என்பான்.

இனி நீர்நாய்க்கு வருகிறேன். இளைஞர்களுக்காகத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தியேட்டரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்து ஜெயித்த மிருகப் படம் ஒன்று இருக்கும். அடுத்த வருடமே அதே மிருகங்களை வைத்து டிவிக்குக் கார்ட்டூன் தொடர் செய்துவிடுவார்கள். படத்தில் நீர்நாயின் உடம்பில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் காற்றில் ஆடும். தொடரில் மயிரே கிடையாது. பழுப்பு வண்ணம் அடித்த வெள்ளரிக்காய் மாதிரி வரும். படத்தில் ஆறு ஓடும். தொடரில் ஆறு அப்படியே நிற்கும், நீர்நாய் மட்டும் ஓடும். குரலும் அப்படித்தான். படத்துக்குத் தமிழில் பேசுவதற்குப் பெரிய நடிகர் காரில் வருவார். தொடருக்கு அவர் வர மாட்டார். பஸ்ஸில் நாங்கள் வருவோம். "அவர் மாதிரியே இருக்கணும், ஆனா அவர்தான்னு யாரும் நினைச்சிடக் கூடாது" என்று சேனலிலிருந்து உத்தரவு வரும். இது என்ன விதமான உத்தரவு என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

புரிந்துகொண்டவன் லூர்து. அந்தத் தொடரில் படகுத்துறை நடத்தும் அப்பா நீர்நாய் ஒன்று உண்டு. டிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அந்த வேஷம் லூர்துவுக்குக் கிடைத்தது. முதல் வாரம் நடிகர் மாதிரியே பேசினான். அடுத்த வாரத்திலிருந்து நடிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட்டு, எங்கள் ஊர்க் கடற்கரை கிளிஞ்சல்மேட்டில் படகு தள்ளும்போது ஆட்களை அதட்டுகிற ஒரு பெரியவரை உள்ளே வைத்தான். அந்த இழுவை, வார்த்தை முடிகிற இடத்தில் மூக்கில் ஏறுகிற ஒரு செல்லக் கோபம், திட்டுவதற்கு முன்னால் வருகிற சின்ன இருமல். இரண்டு சீசன் முடிவதற்குள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் இருமிவிட்டுத்தான் கோபித்துக்கொண்டன. விடுமுறைக்கு லூர்து காரைக்கால் வந்தால், அவன் அக்கா எலிசாவின் வீட்டு வாசலில் பிள்ளைகள் நின்றுகொண்டு "டிம்பு, ஒரு தடவை திட்டு" என்று கெஞ்சும்.

அதே தொடரில் எனக்கும் வேஷம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆமை. மூன்று எபிசோடுக்கு ஒரு தடவை தலையை நீட்டி "ஆமாம்" என்று சொல்லும். அந்த "ஆமாம்" ஒழுங்காக வரவில்லை என்று நான் ஆறு டேக் வாங்கியிருக்கிறேன்.

வாங்க வைத்தவர் பத்மா மேடம், எங்கள் டப்பிங் டைரக்டர். மற்ற டைரக்டர்கள் திரையைப் பார்த்து, வாய் அசைவும் வார்த்தையும் ஒட்டுகிறதா என்று கவனிப்பார்கள். மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்காருவார். "படத்தைப் பார்த்தா மன்னிச்சிடுவோம்" என்பார். கையில் ஒரு பென்சில் இருக்கும், அதற்கு முனை இருக்காது. வாக்கியத்தில் பொய் இருந்த இடத்தில் பென்சிலால் கைப்பிடியில் ஒரு தட்டு. எந்த இடம் என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடித்துத் திரும்பப் பேச வேண்டும். நன்றாக இருந்தால் பாராட்டு கிடையாது. "போலாம்" என்பார். அந்த ஒரு "போலாம்" வாங்குவதற்கு மதியச் சாப்பாட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ஆமைக்கும் "நீங்க"தான்.

ஆமை வேலை போக எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கைடு பேசுவது. டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து கண்ணாடி அறைக்குள் நின்று தன் வரிகளை மட்டும் பேசிவிட்டுப் போவார்கள். எல்லோரும் வருவதற்கு முன்னால், தமிழ் வசனம் வாய்க்குள் அடங்குகிறதா என்று பார்க்க, ஒரே ஆள் உட்கார்ந்து மொத்த எபிசோடையும் எல்லோருக்காகவும் வாசித்துவிடுவான். அப்பா, அம்மா, குழந்தை, முதலை, எல்லாம் அவனே. அதற்குப் பெயர் கைடு. அசல் குரல்கள் வந்ததும் அதை அழித்துவிடுவார்கள். கைடுக்கு ஒரே ஒரு சட்டம்தான். நடிக்கக் கூடாது. ரேஷன் கடையில் பெயர் படிப்பது மாதிரித் தட்டையாகப் பேச வேண்டும். முதல் நாளே மேடம் எனக்குச் சொன்னார்: "இன்னொருத்தர் நாற்காலியில நீங்க தூசி தட்டறீங்க. உக்காந்துடாதீங்க." ஆமைக்கு ஏற்ற வேலை என்று நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது சீசன் தொடங்கும்போது லூர்துவுக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். பயப்படுகிற கட்டி இல்லை, குரல்நாணில் காய்ப்பு. எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் இரண்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வாரத்தில் பாரிஸிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். விமான நிலையச் சமையல்கூடத்தில் ஒரு இடம் காலியாகிறது, தம்பிக்காகப் பேசி வைத்திருக்கிறேன், உடனே கிளம்பி வா என்றார். அங்கே வாயைத் திறக்காமலே வேலை செய்யலாம்.

லூர்து நேராக மேடத்திடம் போனான். நானும் கூட இருந்தேன்.

"மேடம், டிம்பு எனக்கு இருக்குமா? இருக்கும்னா நான் இங்கேயே கிடக்கறேன். இல்லேன்னா சொல்லிடுங்க, அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "இருக்கும். போய் உடம்பைப் பாருங்க. டிம்பு வர்ற இடத்துக்கெல்லாம் கைடு மட்டும் போட்டு வைக்கிறேன். நீங்க வந்து பேசிக்கலாம்."

லூர்து வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னான். அந்தப் பக்கம் அண்ணன் கத்தியது எனக்கே கேட்டது. "ஒரு கார்ட்டூன் நாய்க்காகவாடா?"

"நாய் இல்லண்ணே, நீர்நாய்" என்றான் லூர்து. ஆபரேஷனுக்கு முன்னால் அவன் பேசியதில் எனக்கு நினைவிருக்கிற கடைசி வாக்கியம் அது. அறுவை முடிந்ததும் காரைக்காலுக்கு, எலிசா அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். எது வேண்டுமென்றாலும் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவானாம்.

நான் கைடு பேசிக்கொண்டிருந்தேன். ஏழு எபிசோடு வரை யோக்கியமாக, தட்டையாக. எட்டாவது எபிசோடு அன்று மேடம் வேறு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் தூக்கம். ரெக்கார்டிங் என்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டே பட்டனை அழுத்தினார். திரையில் டிம்பு தன் படகில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்து மகளைத் திட்ட வேண்டும். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. மைக்குக்கு முன்னால் கொஞ்சம் முன்னே சாய்ந்து, லேசாக இருமினேன். இருமிவிட்டு லூர்துவாகவே திட்டினேன்.

என்ஜினியர் நாற்காலியிலிருந்து விழாத குறை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கதவைத் திறந்து, வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். "லூர்து வந்துட்டான், லூர்து வந்துட்டான்!" ஒன்பது பேர் கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு கூட்டம். முழு எபிசோடையும் அப்படியே பேசினேன். கேட்டார்கள் என்று அடுத்ததையும் பேசினேன். அவனோடு ஒரே அறையில் அத்தனை வருடம் இருந்தவன் நான். அவன் தூக்கத்தில் எப்படிப் புரளுவான் என்பதுகூட எனக்குத் தெரியும், இருமல் பெரிய விஷயமா?

மறுநாள் மேடம் வந்து திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அதைக் கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"லூர்து எப்ப வந்தார்? பேசக் கூடாதுன்னாங்களே?"

"நான்தான் மேடம்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "அழிச்சிடுங்க. தட்டையா மறுபடி பேசிக் குடுங்க" என்றார். என்ஜினியர் தலையாட்டினார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை. நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதற்குள், சேனலுக்கு மாதிரி பார்க்க அனுப்புகிறவற்றோடு அந்த இரண்டு எபிசோடும் போய்விட்டன.

மும்பையில் இருக்கும் சேனல் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. டிம்புவுக்குக் குரல் நன்றாகத் திரும்பிவிட்டது, சந்தோஷம், பள்ளிக்கூட விடுமுறை வருவதால் தொடரை முன்கூட்டியே ஆரம்பிக்கிறோம், மிச்சத்தையும் இப்படியே கொடுங்கள் என்றார்கள்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை நான் வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

"கலியமூர்த்தி, இப்ப உங்க கையிலதான் இருக்கு. முடியாதுன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா, அது கைடு, தப்பா வந்துடுச்சு, ஆள் வர ஒரு மாசம் ஆகும்னு நான் சேனல்காரங்ககூட சண்டை போட முடியும். பேசறேன்னு சொன்னீங்கன்னா எனக்கு சண்டை போட எதுவும் இல்லை. சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க."

நான் சாயந்திரம் வரை எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "பேசறேன் மேடம், அவன் வர்ற வரைக்கும்" என்றேன். நண்பனுக்கு இடம் பிடித்து வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒன்பது பேர்தான் உண்மை. ஏழு வருடம் தக்காளி, அப்புறம் ஆமை. நானும் எத்தனை நாளைக்கு "ஆமாம்" என்றே சொல்லிக்கொண்டிருப்பது?

மேடம் "சரி" என்றார். எங்கள் அகராதியில் "போலாம்" வேறு, "சரி" வேறு.

தொடர் ஆரம்பித்த அன்று காரைக்காலில் நடந்ததை எலிசா அக்கா எனக்குப் பின்னால் சொன்னார். லூர்து முன்னறையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறான். அக்காவின் மகள் நிக்கோல், எட்டு வயது, டிவியைப் போட்டிருக்கிறாள். டிம்பு இருமிவிட்டுத் திட்டியிருக்கிறது. நிக்கோல் துள்ளிக் குதித்து, "மாமா, உங்க குரல் வந்துடுச்சு! டிவியில வந்துடுச்சு!" என்று கத்தியிருக்கிறாள். லூர்து தன் தொண்டையில் கையை வைத்துப் பார்த்தானாம். அப்புறம் சிலேட்டை எடுத்தானாம். ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டானாம்.

மறுநாள் எனக்கு எலிசா அக்காவின் போனிலிருந்து ஒரு மெசேஜ்: "யாருடா அது?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அது வரைக்கும் சரி. அடுத்த வரியில் எழுதினேன்: "மேடம் கட்டாயப்படுத்திட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன்."

டைப் அடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் திரும்பி வந்தபோது தொடர் ஆறு வாரம் ஓடியிருந்தது. சேனல்காரர்கள், பழைய ஆளே பேசட்டும், ஆனால் இப்போது ஓடுகிற குரலோடு பொருந்துகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுங்கள் என்றார்கள். லூர்து கண்ணாடி அறைக்குள் போனான். மேடம் முதுகைத் திருப்பிக்கொண்டார். மும்பைக்காரர் ஒருவர் ஸ்பீக்கர் போனில் இருந்தார், தமிழ் தெரிந்தவர். என்ஜினியர் பக்கத்தில் நான் நின்றேன்.

லூர்து பேசினான். குரல் தெளிவாக இருந்தது, பழையதைவிடத் தெளிவாக. வலி போய்விட்டதால் வார்த்தைகள் முனை மழுங்காமல் வந்தன. ஒன்றுதான் இல்லை. அந்த இருமல். அவன் அதை நடிப்பாக ஒருநாளும் போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது காய்ப்பு. தொண்டையில் வளர்ந்துகொண்டிருந்த நோவை அவன் அறியாமல் நீர்நாய்க்குக் கொடுத்திருந்தான். டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டார். என்னிடம் மட்டும் அது பத்திரமாக இருந்தது.

மும்பைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். "நல்லாத்தான் பேசறார். ஆனா டிம்பு மாதிரி இல்லையே."

"இவர்தான் டிம்பு" என்றார் மேடம், திரும்பாமலே.

"இருக்கலாம் மேடம். பசங்களுக்கு இப்ப பழகினது வேற."

"இன்னொரு டேக் எடுத்துக்கறோம்" என்றார் மேடம்.

லூர்து வெளியே வந்து தண்ணீர் குடித்தான். என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டேய் கலியா, அந்த இருமல் எப்படிடா போடறே?"

நான் சொல்லிக்கொடுத்தேன். அடிவயிற்றிலிருந்து இல்லை, நாக்கின் அடியிலிருந்து, கொஞ்சம் காற்றை நிறுத்தி வைத்து. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, நான்கைந்து தடவை இருமிப் பார்த்தான். "இப்படியா?" என்றான். "இன்னும் கொஞ்சம் சின்னதா" என்றேன். அவன் குரலை அவனுக்கே நான் திருத்தினேன். இத்தனை வருடத்தில் நான் கோமாளித்தனம் பண்ணாத இடமே இல்லை. அதைவிடப் பெரிய கோமாளித்தனம் எதுவும் இல்லை.

இரண்டாவது டேக்கில் இருமல் வந்தது. மேடத்தின் பென்சில் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டியது. ஸ்பீக்கரில், "மன்னிச்சுக்குங்க" என்று குரல் வந்தது.

நடைவழியில் லூர்து மேடத்தை நிறுத்தினான். அவன் யாரிடமும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. "வாக்குக் குடுத்தீங்களே மேடம். நான் அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொன்னேனே. பாரிஸ்ல அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. இவனை ஏன் கட்டாயப்படுத்தினீங்க? அவன் பாவம், உங்ககிட்ட மறுத்துப் பேசுவானா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சுவிட்சு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சுவிட்சு, ஒன்றில் மூடி உடைந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "உங்க சிநேகிதரைக் கேளுங்க" என்றால் முடிந்தது. அவர் சொல்லவில்லை. லூர்துவிடம் இருந்த கடைசி ஆளையும் பறிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். "தப்புதான் லூர்து" என்றார். உள்ளே போய்விட்டார்.

பதினோரு வருடம் நான் டிம்புவாகப் பேசினேன். மேடம் ஒவ்வொரு வரிக்கும் "போலாம்" என்றார். ஒரு தடவைகூடப் பென்சில் தட்டவில்லை. இதைவிட மோசமான தண்டனையை எனக்குத் தெரிந்து எந்த டைரக்டரும் யாருக்கும் கொடுத்ததில்லை.

லூர்து காரைக்காலோடு இருந்துவிட்டான். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற கிழவிகளுக்கு விண்ணப்பம் நிரப்புவது, பிரான்ஸ் அலுவலகங்களுக்கு அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கடிதம் எழுதுவது, இதுதான் அவனுக்கு வேலை. நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த இந்த மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் பூசை முடித்து வந்ததும் எலிசா அக்கா வீட்டில் டீ குடிப்போம். பேச்சு எப்படியும் சுற்றிவிட்டு மேடத்திடம் வந்து நிற்கும். "அந்தம்மா என் தொண்டையைத் திருடுனவங்கடா" என்பான். நான் டீயை ஊதிக்கொண்டிருப்பேன். ஒன்றிரண்டு தடவை, "விடுடா, அவங்க அப்படித்தான்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மேடம் காலமானார். நான் சென்னைக்குக் கிளம்பினேன். லூர்துவைக் கூப்பிட்டேன். "நீ போ. நான் வந்தா அந்தம்மா முகத்தைப் பாத்து என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை" என்றான். அங்கே மேடத்தின் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். "லூர்துன்னு ஒருத்தர் வந்திருக்காரா சார்? அம்மா கடைசியில ரெண்டு மூணு தடவை விசாரிச்சாங்க."

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்பது ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு ஜோக்கில்தான் தொடங்கியிருப்பேன், எனக்கு வேறு வழி தெரியாது. எட்டாவது எபிசோடு, என்ஜினியர், டீக்கடை, மெசேஜ், எல்லாவற்றையும் சொன்னேன்.

லூர்து நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பத்தை நிறுத்தாமல் நிரப்பினான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினான். அப்புறம் கேட்டான்.

"யார் யார்டா சிரிச்சா?"

"எல்லாரும்தான். ஒன்பது பேர் இருந்தாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேடம்?"

"சிரிக்கல. அழிக்கச் சொன்னாங்க."

அவன் பேனாவை மூடினான். "பதினாலு வருஷமா அந்தம்மாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ எதிர்லயே உக்காந்து டீ குடிச்சே."

எலிசா அக்கா சமையலறையிலிருந்து, "தம்பி, சர்க்கரை போடலாமா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் லூர்து சொன்னான்: "டீ வேணாங்க்கா. அவரு கிளம்புறாரு."

நான் எழுந்தேன். "உக்காரு" என்றான். பென்ஷன் கடிதம் எழுதுகிற தாளில் ஒன்றை எடுத்தான். மேடத்தின் மகள் பெயரைக் கேட்டான். சொன்னேன். தமிழில் எழுதினான், நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினான்.

"அவங்க வீட்டுக்குப் போயி, அந்தப் பொண்ணை உக்கார வச்சு, நீ படிச்சுக் காட்டணும்."

"தபால்ல போட்டா சீக்கிரம் போயிடுமேடா."

"படிச்சுக் காட்டணும்."

வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். காகிதத்தை வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். மூன்றே வரி. உங்கள் அம்மா எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அது தெரியாமல் அவர்கள் இறந்த பிறகும் அவர்கள்மேல் கோபமாக இருந்துவிட்டேன். யார் செய்தது என்பதை இதைக் கொண்டுவருபவர் சொல்வார்.

என் பெயரை அவன் எழுதவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.